எழுத்தை நகர்த்தும் செய்நிரலும் மொழிமுதல் விதியும்

திருகோணமலை

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மனம் ஆறுதலடைந்தது. இங்கு யாவரும் நலம். உயர்தரம் படிக்கும் பேத்தியிடம் நான் பைதன் என்னும் கணினிச் செய்நிரல் மொழியைக் கற்கத் தொடங்கியதை முன்னரே எழுதியிருந்தேன். இக்கடிதத்தை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன். நீர் ஆண்டாண்டாகக் கற்பித்த இலக்கணம் அந்தப் பாடத்துக்குள் வந்து நிற்பதை உம்மைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

புதிதாகச் செய்நிரல் எழுதுவோருக்கு வழமையாகத் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, யூலியஸ் சீசர் தம் கடிதங்களில் கையாண்ட மறைமுறையாகும். ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக நெடுங்கணக்கில் மூன்று இடம் தள்ளி நிற்கும் எழுத்தை எழுதுவதே அம்முறை. ஆங்கிலத்தில் இது எளிது. பெரிய எழுத்துகள் இருபத்தாறும் கணினிக்குள் 65 முதல் 90 வரை இடைவெளியின்றி எண் பெற்றிருப்பதால், எண்ணிலிருந்து 65ஐக் கழித்து, மூன்றைக் கூட்டி, 26ஆல் வகுத்த மீதியுடன் 65ஐத் திரும்பச் சேர்த்தால் வேலை முடிந்துவிடும்.

தமிழுக்கு அவ்வழி பொருந்தாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் வழங்கும் யூனிகோட்டில் ககரத்தின் எண் 2965. மூன்று கூட்டினால் வரும் 2968இல் எழுத்தே இல்லை, ஏனெனில் ஙகரம் 2969இல்தான் வருகிறது. அன்றியும், னகரம் நகரத்தின் பின்னும் றகரம் ரகரத்தின் பின்னும் வைக்கப்பட்டிருப்பதால், அவ்வரிசை நாம் மணலில் எழுதிப் பழகிய வரிசையன்று. ஆகவே பதினெட்டு மெய்களையும் ககரம் முதல் னகரம் வரை நம் மரபுப்படி ஒரு பட்டியலாக எழுதி, அப்பட்டியலில் உள்ள இடத்தையே நகர்த்துமாறு செய்நிரலை அமைத்தேன். 'கா' என்பது கணினிக்கு ககரமும் துணைக்காலுமாகிய இரண்டு குறிகள் என்பதால், துணைக்கால், கொம்பு, புள்ளி யாவும் தத்தம் இடத்தில் அப்படியே நிற்க, மெய் மட்டும் மாறும். சொல்லின் தொடக்கத்தில் வரும் உயிரெழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் இப்போதைக்குத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

மூன்று இடம் தள்ளினால் 'நிலாவெளி' என்பது 'யிளாறெகி' ஆகிறது. இறுதியில் உள்ள ளகரம் பட்டியலின் முடிவைக் கடந்து, முதலிலுள்ள ககரத்துக்குத் திரும்பிவிட்டதைக் கவனியும். 18ஆல் வகுத்து மீதி காண்பதன் பயன் இதுதான். மறைத்ததை மீட்க மூன்றைக் கழிக்க வேண்டும். பைதன் இடங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவதால், ககரத்திலிருந்து மூன்றைக் கழித்தால் மறை மூன்று (-3) வரும். அதற்கு 18ஆல் மீதி கேட்டால் பைதன் 15 என்று சொல்லும், அதுவே ளகரத்தின் இடம். சி மொழியோ மறை மூன்றையே திருப்பித் தரும்; அங்கு மேலும் 18 கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி உமக்குரிய பகுதிக்கு வருகிறேன். எத்தனை இடம் தள்ளப்பட்டது என்று அறியாதவர் இத்தகைய கடிதத்தை எப்படி வாசிப்பார்? ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி மறையெழுத்தை உடைக்கும் வழியை எழுதி வைத்தார். ஆனால் அவ்வழிக்கு நீண்ட கடிதம் தேவை. தமிழிலோ மொழிமுதல் விதியே போதும் என்பதைக் கண்டு நான் வியந்துபோனேன். ண, ழ, ள, ற, ன ஆகிய ஐந்தும் சொல்லுக்கு முதலில் வாரா. (ட, ர, ல மூன்றையும் இலக்கணம் விலக்கினும், டாக்டரும் ரயிலும் லாபமும் நம் எழுத்தில் நிலைத்துவிட்டதால் அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) இருக்கக்கூடிய தள்ளல்கள் பதினேழே. செய்நிரல் அவை ஒவ்வொன்றாலும் கடிதத்தை மீட்டுப் பார்த்து, இவ்வைந்தில் ஒன்றால் தொடங்கும் சொல் எங்கேனும் தோன்றினால் அத்தள்ளலை நீக்கிவிடுகிறது.

இதைத் தாளிலும் சரிபார்த்தேன். மூலக் கடிதத்தில் க, ச, த, ப, வ ஆகிய ஐந்து வரிசைகளிலும் ஒவ்வொரு சொல்லேனும் தொடக்கத்தில் வந்திருந்தால், பிழையான தள்ளல்கள் அனைத்தும் தவறாது நீங்கிவிடும். சரியானது ஒன்றே எஞ்சும். மீட்ட எழுத்து மூல எழுத்திலிருந்து எத்தனை இடம் முன்னே நிற்கிறதோ, அதையே பிழை என்கிறேன். வகரம் சிறு பிழைகளையும், ககரம் பெரும் பிழைகளையும் காட்டிக்கொடுக்கின்றன. பிழை பன்னிரண்டோ பதின்மூன்றோ ஆகும் தள்ளல்கள் சகரத்திடம் மட்டுமே அகப்படுகின்றன. இந்த ஐந்தும் இல்லாமல் நாலு வரி எழுதிவிட நம்மால் ஆகுமா?

சொல்லின் உள்ளேயும் தடயங்கள் உண்டு. 'கப்பல்' என்பதை மூன்று தள்ளினால் 'ஞர்ரள்' வருகிறது. தமிழில் ரகரமும் ழகரமும் இரட்டிப்பதில்லை என்று அறிந்தவர், அச்சொல்லைக் கண்டவுடனேயே அது வேடமிட்டது என்று சொல்லிவிடுவார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நமது துறைமுகத்தின் மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள் அல்லவா? அந்தப் படையெடுப்பு வரப்போவதைக் கொழும்பிலிருந்த பிரித்தானியர் ஜப்பானியக் கடற்படைச் சங்கேதங்களிலிருந்து முன்னரே அறிந்திருந்தனர். அவை எண்களாலான, இதைவிடப் பன்மடங்கு கடினமான சங்கேதங்கள். ஆயினும் மறைத்த பின்னும் எஞ்சி நிற்கும் ஒழுங்கைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவது எல்லாவற்றுக்கும் பொதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

உம்மிடம் இரண்டு உதவிகள் வேண்டுகிறேன். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்னும் மெய்ம்மயக்க விதிகளை ஒரு தாளில் முழுமையாக எழுதி அனுப்பும்; செய்நிரலில் அவற்றையும் சேர்த்தால் இரண்டு மூன்று சொற்களே உள்ள குறிப்பையும் மீட்க முடியுமா என்று பார்க்க விரும்புகிறேன். அத்துடன், தள்ளலை எனக்குச் சொல்லாமல், நீரே கையால் மறைத்த நாலு வரியையும் அதே உறையில் வைத்துவிடும்.

அன்புடன்,
உமது நண்பன்