அப்டேட்டை அணைக்காதீர், அப்கிரேட்டைக் கட்டிப்போடுங்கள்

ஆசிரியருக்கு,

இரவு அணைக்காமல் விட்ட விண்டோஸ் கணினி காலையில் புதிய பதிப்புக்கு மாறி வேறு முகத்தோடு நிற்கிறது என்ற புலம்பல் ஊரெங்கும் கேட்கிறது. கூடவே, ‘அப்டேட்டையே நிறுத்திவிடுங்கள்’ என்ற இலவச ஆலோசனையும். அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை.

அப்டேட் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருகிறது. மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று, நம் நேரப்படி இரவில் வெளியாகும் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று. விண்டோஸையே அடுத்த பதிப்புக்கு மாற்றும் அப்கிரேட் இன்னொன்று. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீம்பொருள் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. முதல் சரக்கில் கை வைக்க வேண்டாம். கடிவாளம் இரண்டாவதற்குத்தான்.

மக்களின் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-ஐ 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்தது. 2016 மே மாதத்தில், அந்த அப்கிரேட் அறிவிப்பை மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டது! எல்லை மீறிவிட்டோம் என்று அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலா அதே ஆண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டார்.

இன்றைய விதி வேறு. விண்டோஸ் 11 ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள், அதாவது திருத்தங்கள் வரும் காலம், 24 மாதம். 2023-இன் இரண்டாம் பாதியில் வந்த 23எச்2 பதிப்பின் ஆயுள் 2025 நவம்பர் 11-இல் முடிந்தது. முடிவு நெருங்கும்போது அடுத்த பதிப்பு தானாகவே இறங்கும். ரீஸ்டார்ட் நேரம் மட்டுமே நம் கையில். 24எச்2-விலிருந்து 25எச்2-வுக்குப் போவது சின்ன வேலை, ஏற்கெனவே உள்ளே இருப்பதைத் திறந்துவிடும் சாவி மாதிரி. 23எச்2-விலிருந்து 24எச்2-வுக்குப் போவது அப்படியல்ல. பல ஜிபி இறங்கும். தினசரி 2 ஜிபி பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டிருப்பவர்கள், வைஃபை பெயரின் ப்ராப்பர்ட்டீஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்தால் பெரிய டவுன்லோடுகள் காத்திருக்கும்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, புதியவற்றை உடனே பெறச் சொல்லும் சுவிட்சை அணையுங்கள். ஆக்டிவ் ஹவர்ஸை 18 மணி நேரம் வரை வைக்கலாம். அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ‘பாஸ்’ (Pause) பொத்தான் அப்டேட்டை 5 வாரம் வரை நிறுத்திவைக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்தே நிற்கும். எனவே ஆன்லைன் தேர்வு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போன்ற நெருக்கடி நாட்களுக்கு மட்டும் அதைத் தொடுங்கள். புரோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு: விண்டோஸின் உள்விதிகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரில் எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்று எழுதிவிட்டால், அதன் ஆயுள் முடியும்வரை திருத்தங்கள் மட்டும் வரும். ஹோமில் அந்த எடிட்டர் கிடையாது.

விண்டோஸ் 11 வராமல் தடுக்க கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில், விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் பாதுகாப்பு சிப்பை அணைக்கச் சொல்லும் யூடியூப் வைத்தியம் ஒன்று உலவுகிறது. டிஸ்க் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியில் பூட்டியிருந்தால், அடுத்த முறை ஆன் செய்ததும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

விண்டோஸ் ஏற்கெனவே மாறிவிட்டதென்றால் முதலில் நாட்களை எண்ணுங்கள். பல ஜிபி இறங்கிய பெரிய அப்கிரேட் என்றால் பழைய விண்டோஸ், சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் 10 நாள் இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போய் ‘கோ பேக்’ அழுத்தினால் திரும்பிவிடலாம். இடம் போதவில்லையென்று டிஸ்க் கிளீனப்பில் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டால் வழி அடைந்தது. இந்தத் தவறைத்தான் பலரும் செய்கிறார்கள். முடிவெடுக்க அவகாசம் வேண்டுமென்றால், அந்த 10 நாளுக்குள்ளேயே டிஸ்ம் (DISM) என்ற விண்டோஸ் கட்டளையால் கெடுவை 60 நாள் வரை நீட்டிக்கலாம். திரும்பும்போது சொந்தக் கோப்புகள் தங்கும், அப்கிரேடுக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய பிரிண்டர் ஆகியவற்றின் டிரைவர்களை மறுபடி போட வேண்டிவரலாம். இரண்டு திசையிலும் வேலை நடக்கையில் மின்சாரம் போகக் கூடாது. லேப்டாப்பைச் சார்ஜரில் செருகியே வையுங்கள். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லையென்றால், மின்தடை அறிவித்த நாளில் தொடங்க வேண்டாம்.

வாசகர், திருச்சி