பிறந்த வீட்டுப் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மருமகள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துப் பெண். ஆடிப்பெருக்குக்கு என் மகனோடு குத்தாலம் வந்திருந்தாள். தன் கொள்ளுப்பாட்டியின் பாட்டியைத் தேடிக் கண்டுபிடித்த கதையை இரண்டு மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள்.

1860 மக்கள்தொகைக் கணக்கில் அந்த அம்மாள் 19 வயது மனைவி. 1864இல் கணவர் உள்நாட்டுப் போரில் இறந்தார். 1870 கணக்கில் ஆளையே காணோம். அவரும் இறந்திருப்பார் என்றுதான் மருமகள் வீட்டில் வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

காட்டிக்கொடுத்தது பென்ஷன் காகிதம். போரில் மாண்ட சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். கல்யாணம் நடந்ததற்கும் பிள்ளை பிறந்ததற்கும் அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள். குடும்ப பைபிளில் பிறந்த தேதி எழுதிவைத்த பக்கத்தைக் கிழித்தே அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. மறுமணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடும். பிள்ளைக்கு 16 வயது வரை கொடுப்பார்கள். அப்படிப் பிள்ளை பேருக்கு மாற்றக் கேட்ட மனுவில்தான் இரண்டாவது கணவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் 1870 கணக்கைப் பார்த்தால், அதே ஊரில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்.

1890 கணக்கு பெரும்பாலும் தீயில் சேதமாகி அழிந்துவிட்டதாம். 1900 கணக்கில் தாய்மாரிடம் இரண்டு கேள்வி: எத்தனை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன? அவர் சொன்ன பதில் எட்டு, ஐந்து. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. என் அம்மா ஒன்பது பெற்றார். நாங்கள் ஐந்து பேர்தான் தங்கினோம். போன நாலு பிள்ளைகளைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை.

1911இல் அந்த அம்மாள் இறந்தார். ஒஹாயோவில் 1908 கடைசியிலிருந்து மாநிலம் முழுக்க இறப்புச் சான்று உண்டு. அதில் தகப்பனார் பெயர், தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் இரண்டும் எழுதியிருந்தது. அதை வைத்து 1850 கணக்குக்குப் போனால், அப்பா வீட்டில் ஒன்பது வயதுச் சிறுமி! வீட்டுத் தலைவர் பெயரோடு நிறுத்தாமல் வீட்டிலிருந்த எல்லோர் பெயரையும் எழுதிய முதல் கணக்கு அதுதான். அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு அந்த உரிமைகூட 1870 வரை கிடைக்கவில்லை.

"உங்க கொள்ளுப்பாட்டி பேர் என்ன, அத்தை?" என்றாள். அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் தெரியும். அவரைப் பெற்றவரை எல்லோரும் 'வலங்கைமான் ஆத்தா' என்றுதான் சொல்வார்கள். பிறந்த ஊர் தங்கிவிட்டது, பெயர் போய்விட்டது. மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் திதி கொடுக்கும்போது தாய்வழிப் பெயர் கேட்டால் என் தம்பி இரண்டோடு நிறுத்திக்கொள்கிறான்.

தங்கள் நாளிதழில் வரும் 'காலமானார்' அறிவிப்புகளைத் தினமும் படிக்கிறேன். பெண்கள் என்றால் இன்னாரின் துணைவியார், இன்னாரின் தாயார், அத்தோடு சரி. வாசகம் எழுதித் தருவது குடும்பத்தார்தான், தெரியும். ஆனாலும் பெற்றோர் பெயர், பிறந்த ஊர் என்று ஒரு வரி கேட்டு வாங்கிப் போட்டால் நாளை தேடுகிறவர்களுக்கு அது கிடைக்கும். ஐப்பசியில் என் அம்மாவின் நினைவு நாள் வருகிறது. அந்த வரியோடுதான் எழுதி அனுப்பப்போகிறேன், வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்