பட்டா எண் 1

லிங்கன், நெப்ராஸ்கா
செப்டம்பர் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா? தைலம் தீர்வதற்குள் சொல்லுங்கள், வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் போனில், "அங்க நிலமெல்லாம் யாருதும்மா, ஒரு ஆளுக்கு எப்படி அவ்வளவு ஏக்கர் வந்துச்சு?" என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று அதற்காகவே ஓர் இடத்துக்குப் போய்வந்தோம். போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் பியாட்ரிஸ் என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் டேனியல் ஃப்ரீமேன் என்பவர் குடியேறிய நிலத்தை 1936லிருந்து அரசாங்கமே பாதுகாத்து வருகிறது. ஆபிரகாம் லிங்கன் 1862ல் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 160 ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம், ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும், கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர், அப்புறம் நிலம் சொந்தம். 1863 ஜனவரி 1ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. படைக்குத் திரும்பியாக வேண்டும் என்று ஃப்ரீமேன் கெஞ்சிக் கேட்டு, நள்ளிரவு தாண்டியதுமே ஆபீஸைத் திறக்கவைத்து மனுக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். பட்டாவும் அவருக்குத்தான் எண் 1. நம் புஞ்சைக்குப் பட்டா மாற்ற நீங்கள் நடந்த நடையை நினைத்துக்கொண்டேன்.

அங்கே கார் நிறுத்தும் இடத்தைச் சரியாக ஒரு ஏக்கருக்கு அளந்து அமைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் நின்று, இதைப்போல 160 என்று எண்ணிப் பார்த்தேன். நம்முடையது மூன்றரை ஏக்கர்.

நீங்கள் பார்க்க வேண்டியது என்று எனக்குத் தோன்றியது வேறொன்று. ஐந்து வருஷம் கழித்து, அவர் உழைத்தது உண்மைதான் என்று அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி சொன்ன வாக்குமூலம். உழுது வேலி போட்டது சுமார் 35 ஏக்கர். 14 அடிக்கு 20 அடி வீடு, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை. நூறடி நீள ஆட்டுக்கொட்டகை. 40 ஆப்பிள் மரம், ஏறக்குறைய 400 பீச் மரம். ஒவ்வொன்றையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள் அப்பா. அந்த மண்ணில் முதல் உழவு லேசாக இருந்திருக்காது. ஒரு பக்கம் பழைய புல்லைத் திரும்ப வளர்த்திருக்கிறார்கள், என் தலைக்கு மேலே நிற்கிறது. அதன் வேர் அதைவிட ஆழமாக இறங்குமாம். கையில் எடுத்துப் பார்த்தேன், மண் நம் கரிசலைப் போலவே கறுப்பு.

அவர் மனைவி ஆக்னஸ்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. அயோவாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் லெ கிளேர் என்ற ஊர்க்காரி. ஃப்ரீமேனின் தம்பிக்கு நிச்சயமாகியிருந்த பெண். போரில் அந்தத் தம்பி இறந்துபோனார். அதற்குப் பிறகு அண்ணனும் அவளும் கடிதம் எழுதிக்கொண்டார்கள், கடிதத்திலேயே சம்மதமும் கேட்டார், 1865ல் கல்யாணம். எழுத்தில் மட்டும் அறிந்த ஒரு மனிதரை நம்பி அவள் அந்த வெட்டவெளிக்கு வந்தாள். மூன்று மாதம் வீடியோ காலில் பேசிவிட்டு நான் விமானம் ஏறிய அன்று அம்மா அழுதது ஞாபகம் வந்தது. ஃப்ரீமேன் 1908ல் போனார். ஆக்னஸ் 1931 வரை இருந்தாள். இருவருக்கும் கல்லறை அந்த நிலத்திலேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மனிதர் பிடிவாதக்காரர் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பைபிள் வாசிப்பதை எதிர்த்து வழக்குப் போட்டு, 1902ல் இந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்திருக்கிறார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1854ல் ஒப்பந்தம் எழுதி வாங்கி, அவர்களை பிக் ப்ளூ ஆற்றோரம் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒதுக்கினார்கள். 1881ல் அதுவும் போய், இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் படித்த பிறகு 18 டாலர் என்ற எழுத்தைத் திரும்பப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த 400 பீச் மரத்தை நட்ட கையின் உழைப்பும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் உங்களுக்கு எழுத முடிகிறது.

தாத்தா நம் புஞ்சையை வாங்குவதற்கு முன்னால் அதை யார் உழுதார்கள் என்று நான் உங்களிடம் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்லுங்கள். அந்தப் பழைய பத்திரத்தைத் தம்பியிடம் கொடுத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்