கோலா சோம்பேறி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுவர் பகுதியில், பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவையை உழைப்புக்கும் ஆஸ்திரேலியாவின் கோலாவைச் சோம்பலுக்கும் எடுத்துக்காட்டாக நிறுத்தியிருந்த கட்டுரையைப் படித்தேன். பறவையின் பெருமையில் மிகையில்லை. பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரையிலான 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்ததை அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி பதிவு செய்திருக்கிறது.

ஆனால் அந்தப் பயணத்தின் சூட்சுமம் அதன் வயிற்றில் இருக்கிறது. அலாஸ்காவில் ரேடார் கூண்டில் மோதி இறந்த மூக்கன்களை அறுத்துப் பார்த்து 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவற்றின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருந்தது. குடலும் ஈரலும் சுருங்கிக் கிடந்தன. வழியில் தின்னப்போவதில்லை என்பதால், கிளம்புமுன் வயிற்றுச் சுமையையே குறைத்துக்கொள்ளும் பறவை அது.

கோலாவுக்கு அந்த வசதி இல்லை. நம் ஊரில் ஆடும் கடிக்காத தைல மர இலைதான் அதன் உணவு. நாரும் நஞ்சும் மிகுந்த, சத்துக் குறைந்த அந்த இலையைச் செரிக்க, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் நமக்கு விரலளவே உள்ள பை அதற்குச் சுமார் 2 மீட்டர் நீளம் வளர்ந்திருக்கிறது. இலை அங்கே நாள்கணக்கில் நொதிக்க வேண்டும். அதற்கான நுண்ணுயிர்களைக்கூட, தாயின் குடலிலிருந்து வரும் கூழை உண்டுதான் குட்டி பெறுகிறது. இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் ஆற்றல் சொற்பம் என்பதால், நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் மரக்கிளையில் தூக்கமும் ஓய்வுமாக இருப்பது வரவுக்கேற்ற செலவே தவிர சோம்பல் ஆகாது. கடல் ஏறி சேற்று நிலம் மூழ்கியதும் மூக்கனும் ஒற்றைக் காலில் நின்று உறங்கத்தான் செய்கிறது. அதை யாரும் ஏசுவதில்லை.

கோலா அருகி வருவதற்கு அதன் சோம்பலே காரணம் என்ற வரிதான் என்னை எழுத வைத்தது. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி ஆகியவற்றில் 2022 பிப்ரவரியில் அது அருகிவரும் உயிரினமாக அறிவிக்கப்பட்டதற்குக் காடழிப்பு, காட்டுத்தீ, வறட்சி, நோய் ஆகியவையே காரணங்கள். உழைப்பாளி என்று புகழப்பட்ட மூக்கனும், வடக்கே திரும்பும் வழியில் இரை தேடும் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் கரைச் சேற்று நிலங்கள் தூர்க்கப்பட்டதால் குறைந்துதான் வருகிறது. அதன் உழைப்பில் என்ன குறை கண்டார் கட்டுரையாளர்?

கோலா, குட்டியைச் சுமக்கும் பை வயிற்றின் வெளியே அமைந்த பாலூட்டி, கரடி இனமன்று. ஆகவே ‘கோலா கரடி’ என்ற தலைப்பையும் சேர்த்து, அடுத்த சிறுவர் பகுதியிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.