மணிகரண்: மூழ்கிய ரொட்டியும் காதணியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் இமாசலப் பயணக் கட்டுரையில் கசோலுக்கு நான்கு பக்கம். அங்கிருந்து நாலே கிலோமீட்டரில், கொதிக்கும் வெந்நீர் ஊற்றுகளோடு இருக்கும் மணிகரணுக்கு ஒரு பெட்டிச் செய்தி. அந்தப் பெட்டிக்குள்ளும் இந்துக்களின் கதை ஒருபக்கம், சீக்கியர்களின் கதை மறுபக்கம் என்று எதிரெதிரே நிறுத்திவிட்டு, ‘எது முந்தியது?’ என்று ஒரு கேள்வி வேறு. நானும் என் கணவரும் அந்த ஊரில் இரண்டு நாள் தங்கியிருக்கிறோம். அங்கே யாரும் இதைக் கேட்டு நான் பார்க்கவில்லை.

முதலில் ஒரு திருத்தம். பார்வதி தேவி தொலைத்தது நீங்கள் எழுதியதுபோல் கழுத்து மாலை இல்லை, காதணி. ஊர்ப் பெயரிலேயே மணியும் இருக்கிறது, காதைக் குறிக்கும் கர்ணமும் இருக்கிறது. காசியின் மணிகர்ணிகைப் படித்துறைக்கும் இப்படி ஒரு காதணிக் கதை உண்டு. காசிக்குப் போய் வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மணிகரணில் சொல்லும் கதைப்படி, நீரில் விழுந்த காதணி பாதாளத்துக்குப் போக, பாம்பரசன் சேஷன் அதை எடுத்து வைத்துக்கொண்டான். சிவன் கோபித்ததும் சேஷன் சீறிய சீறலில் கொதிநீரோடு மணிகளும் மேலே வந்தன. 1905 காங்ரா நிலநடுக்கம் வரை ஊற்றில் அவ்வப்போது மணிகள் வந்துகொண்டிருந்ததாக உள்ளூரில் சொல்கிறார்கள்.

அடுத்தது குருநானக் கதை. கூட வந்த மர்தானாவுக்குப் பசி. மாவு இருக்கிறது, அடுப்புக்கு வழியில்லை. ஒரு கல்லைப் புரட்டச் சொல்கிறார் குரு. அடியில் வெந்நீர் ஊற்று. ரொட்டியைப் போட்டால் மூழ்கிவிடுகிறது. ‘திரும்பி வந்தால் ஒன்றைக் கடவுள் பேரில் கொடுத்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொள்’ என்கிறார் குரு. வேண்டிக்கொண்டதும் ரொட்டிகள் வெந்து மிதக்கின்றன. ரபாப் என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கும் இந்த மர்தானா இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு மதங்களைப் பற்றி அவ்வளவு எழுதிய கட்டுரையாளர் பசித்தவரைப் பற்றி இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இரண்டு கதையிலும் தண்ணீருக்குள் போன பொருள்தான் திரும்பி வருகிறது. ஊற்றின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் காரணம் தெரிந்துவிடும். அரிசியைத் துணியில் முடிந்து, கயிறு கட்டி, கொதிக்கிற நீரில் இறக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் சோறாக எடுக்கிறார்கள். குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கருக்குப் பருப்பும் சோறும் பெரிய பெரிய பானைகளில் இதே சூட்டில்தான் வேகின்றன. சிவன் கோயிலும் அதை ஒட்டியே இருக்கிறது. எங்கள் மூட்டை மட்டும் சரியாகத் திரும்பவில்லை. என் கணவர் போட்ட முடிச்சு அப்படி! பாதி அரிசி ஊற்றோடு போயிற்று. பஞ்சாபிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே தன் சோற்றில் பாதியை எங்களுக்குத் தந்தார். அப்புறம் லங்கரில் இன்னொரு தடவையும் சாப்பிட்டோம்.

(இந்த ஊற்றுகளின் சூட்டைக் கொண்டு அங்கே 7.5 டன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றையும் சோதனையாக அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெந்நீரால் குளிர வைப்பதை என் கணவர் இன்னும் நம்பவில்லை.)

குல்லு மன்னர் ஜகத் சிங் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய இராமர் கோயிலும் இங்கே இருக்கிறது. குல்லு பள்ளத்தாக்கின் ஊர்த் தெய்வங்கள் குறிப்பிட்ட நாட்களில் பல்லக்கில் மணிகரணுக்கு வந்து போகின்றன. இதற்கெல்லாம் பெட்டிச் செய்தியில் இடம் போதாதுதான். கசோலின் காப்பிக் கடைகளில் ஒன்றிரண்டைக் குறைத்திருக்கலாம்.

கடைசியாக, போவதற்கு ஏற்ற மாதங்களில் ஜூலை, ஆகஸ்டையும் சேர்த்திருக்கிறீர்கள். தயவுசெய்து அடுத்த இதழிலாவது திருத்துங்கள். மழைக்காலத்தில் பார்வதி நதி வேறு முகம் காட்டும், மலைச்சரிவும் நிற்காது. 2015 ஆகஸ்டில் பாறைகள் உருண்டு குருத்வாரா மேலேயே விழுந்து உயிர்கள் போயின. மழையில்லாத மாதத்திலும் அசட்டையாக இருக்க முடியாது: 2025 மார்ச் 30 அன்று குருத்வாராவுக்கு அருகில் மரம் சாய்ந்து ஆறு பேர் இறந்தார்கள். மே அல்லது அக்டோபர் என்று போடுங்கள். அக்டோபருக்குக் கம்பளி வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
தென்காசி