‘செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்று பலகை மாட்டியிருப்பவர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கங்களில் கிளினிக், ரத்தப் பரிசோதனைக் கூடம், மருந்துக்கடை, நகைக்கடை, கம்ப்யூட்டர் சென்டர் என்று எதை நடத்தினாலும், வாசலில் அந்தப் பலகையை மாட்டியிருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

நான் தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவள். நான்கு வருடத்துக்கு முன் எனக்கு கில்லன் பாரே என்கிற நரம்பு நோய் வந்தது. முதலில் ஒரு வயிற்றுப்போக்கு, அது சரியாகிப் பத்து நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, மறுநாள் படி ஏற முடியவில்லை, நான்காம் நாள் தலை வாரக் கை எழும்பவில்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறிப்போய் நம்முடைய நரம்புகளையே தாக்கிவிடுகிற நோய் இது. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள், மாதக்கணக்கில் பிசியோதெரபி, வாக்கர். கை திரும்பி வந்தது, தொடை வந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் வரவில்லை. அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். இடுப்பிலிருந்து பாதம் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை வருடம் என்று.

அதனால் என் இரண்டு பாதமும் தொங்கும். ஃபுட் டிராப் என்பார்கள். அடுத்த அடி எடுத்து வைக்கும்போது உங்கள் பாதம் தானாக மேலே தூக்கிக்கொள்கிறது, அப்படி ஒன்று நடப்பதே உங்களுக்குத் தெரியாது. எனக்கு விரல் நுனி கீழே இழுபட்டு, வாசல்படியிலும் மிதியடி ஓரத்திலும் தட்டும். அதைத் தடுக்கத்தான் இரண்டு காலிலும் ஏ.எஃப்.ஓ. என்கிற, கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கிற கருவியைப் போடுகிறேன். காலை மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அந்த அச்சின் மேல் வளைத்துச் செய்வது. ஆடுசதையின் பின்பக்கமாக இறங்கி, குதிகாலைச் சுற்றி, பாதத்துக்கு அடியில் விரல் வரை வரும். நம் ஊரில் காலிப்பர் என்றால்தான் புரியும், அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தில் நீங்கள் எதை மறந்தாலும் அடுத்து சொல்வதை மறக்காதீர்கள். அந்தக் கருவி ஷூவுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். ஷூவின் குதிகால் எவ்வளவு உயரம் என்று பார்த்துத்தான் அதன் கோணத்தையே வைக்கிறார்கள். ஷூ இல்லாமல் அதை மட்டும் போட்டு நின்றால் கணுக்கால் மடங்காததால் கீழ்க்கால் பின்னால் சாயும், முட்டு பின்பக்கமாகத் தள்ளும். அடிப்பக்கம் வழவழவென்று இருப்பதால் டைல்ஸில் வழுக்கும். சரி, கருவியையும் கழற்றிவிட்டு வரலாமே என்றால், என்னால் சுவரைப் பிடிக்காமல் நான்கு அடி வைக்க முடியாது. உங்கள் பலகை மற்றவர்களிடம் செருப்பைக் கேட்கிறது, என்னிடம் காலைக் கேட்கிறது.

போன ஜூன் மாதம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க ஓரிடத்துக்குப் போனேன். இடத்தின் பேர் வேண்டாம். உள்ளே இருந்த பிள்ளை, “அக்கா, ஷூவக் கழத்திட்டுக் கேறி வாங்க” என்றாள். சொல்லிப் பார்த்தேன். “எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் அக்கா, ஓனர் ஏசுவாரு” என்றாள். பின்னால் ஆட்கள் நின்றார்கள், எனக்குக் கூச்சமாகிவிட்டது. உட்கார நாற்காலி இல்லாததால் தூணைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றி, கருவியோடு உள்ளே போனேன். மூன்றாவது அடியில் ஈரத் தரையில் விழுந்தேன். மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை, கையில் இருந்த இரண்டு கல்யாண வீட்டுப் பிளவுஸைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். அவள் மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை, இப்படிக் கால் உள்ளவர்கள் வருவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள், அதனால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு.

சுடிதார் பேண்ட் மறைத்துவிடுவதால் கருவி வெளியே தெரியாது, ஷூ மட்டும்தான் தெரியும். என்ன திமிர் இவளுக்கு என்று பார்க்கிற பார்வையைச் செத்த வீட்டில்கூடப் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் பேண்டைத் தூக்கிக் காட்டி நிரூபிக்க எனக்கு மனசு வரவில்லை. நான் “கால் கருவி போட்டிருக்கிறேன்” என்று சொன்னால் நம்புங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இது என் ஒருத்தியின் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பாதம் தொங்குகிறவர்கள் இருக்கிறார்கள், போலியோவுக்குக் காலிப்பர் போட்ட அண்ணன்மார் இருக்கிறார்கள். அப்புறம் சர்க்கரைக்காரர்கள், அவர்கள் இல்லாத வீடு ஏது? சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். முள்ளோ கண்ணாடிச் சில்லோ குத்தினால் தெரியாது, புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். தொழுநோயாளிகளின் கால் அழுகுவதற்குக் காரணமே வலி தெரியாமல் மறுபடி மறுபடி காயம் படுவதுதான் என்று வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் கண்டறிந்து, அவர்களுக்கென்று மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்ய வைத்தது போன நூற்றாண்டிலேயே நடந்த காரியம். இத்தனைக்கும் பிறகு சர்க்கரைக்கு மருந்து எழுதுகிற கிளினிக் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னால் எப்படி?

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. சேவை தருகிறவர் அரசானாலும் தனியாரானாலும், எங்களுக்கு எட்டுகிற விதத்தில் தர வேண்டும் என்கிறது அது. நான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

தரை அழுக்காகும் என்ற உங்கள் கவலை எனக்கும் புரியும், நானும் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவள்தான். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம், செம்மண் சகதி ஒட்டிய செருப்போடு ஆள் வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதற்காக நீல நிற பிளாஸ்டிக் உறையை ஷூவின் மேல் மாட்டச் சொல்கிறார்கள் சில இடங்களில். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், ஆனால் அதுவும் வழுக்கும், எனக்குப் பயம். கயிற்று மிதியடி ஒன்று, ஷூவின் அடியைத் துடைக்க ஈரத்துணி ஒன்று, கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வாசலில் இருந்தால் போதும். வீட்டுக்குள் மட்டும் போடுகிற சுத்தமான ஷூ ஒரு ஜோடி என் பையிலேயே இருக்கிறது. உட்கார இடம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. அதற்குக் கீழே ‘கால் கருவி அணிந்தவர்கள், பாதம் மரத்தவர்கள் துடைத்துவிட்டு அப்படியே வரலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கோவிலை இதில் சேர்க்கவில்லை. சாமி சன்னதியில் ஷூவோடு நிற்க எனக்கே சம்மதமில்லை. ஆவணி ஞாயிறு நாகராஜா கோவிலுக்குப் போகாமல் என்னால் இருக்க முடியாது, பாலும் மஞ்சளும் சிந்திய தரையில் தங்கை ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, பாதி தூக்கினபடி கூட்டிப்போவார்கள். அது என் நேர்ச்சை, அதன் கஷ்டம் என்னோடு. ரத்தப் பரிசோதனைக்கு எனக்கு நேர்ச்சை எதுவும் இல்லையே.

எங்கள் சந்தைப் பக்கம் நூலும் பட்டனும் விற்கிற ஒரு கடையில் அந்த அக்கா, நான் கேட்காமலே, என்னைக் கண்டதும் ஒரு சாக்கை எடுத்து வாசலில் விரித்து, “மக்களே, சவுட்டித் துடச்சிட்டு அப்படியே வா” என்பார். இப்போது அந்தச் சாக்கு அங்கேயே கிடக்கிறது, வயசானவர்கள் நிறைய பேர் அதில் துடைத்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

கடைசியாக ஒன்று. என் கடையில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. நான்கைந்து மடிப்பு வைத்து, அடியில் வழுக்காத துணி கொடுத்து, நல்ல கனமான மிதியடி தைப்பேன். பலகையில் அந்த ஒரு வரியைச் சேர்க்கிற யாருக்கும் ஒன்று தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். வாசலின் அகலத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்துத் தையல்காரி