ஒரு புள்ளடி காணுமா?

இலங்கைத் தேர்தல் ஆணைக்குழுவின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 செப்டம்பர் 21 அன்று பெரியம்மாவை வாக்களிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். 38 பேர் போட்டியிட்ட ஜனாதிபதித் தேர்தல், சீட்டு ஒன்றரை முழம். அதை மடித்துத் திணித்துவிட்டு வெளியே வந்தவரிடம், "இரண்டாவது விருப்பும் போட்டீங்களோ?" என்று கேட்டேன். "ஒரு புள்ளடி (X) போட்டால் காணும்தானே" என்றார். முதல்நாளே சொல்லிக்கொடுக்காதது என் பிழை.

காணாது என்பது மறுநாள் தெரிந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. அப்படியானால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2, 3 என்று எழுதிய விருப்பு அந்த இருவரில் யாருக்கு என்று எண்ண வேண்டும். 1982 முதல் நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களில் ஒருமுறைகூடத் தேவைப்படாத இரண்டாம் எண்ணிக்கை அன்றைக்குத் தேவைப்பட்டது. மற்ற 36 பேருக்கு விழுந்த 33 இலட்சம் சீட்டுகளில் விருப்பு வாக்குத் தேடினீர்கள். அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. கூட்டினாலும் மூன்று இலட்சம் வரவில்லை! மீதி 30 இலட்சம் இறுதிக் கணக்கில் யாரோடும் சேரவில்லை. பெரியம்மாவினதும் அதற்குள்தான்.

முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. சிலர் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் விட்டவர்கள் எல்லாரும் யோசித்தா விட்டார்கள்?

2005ஐ நினைத்துப் பாருங்கள். மகிந்த ராஜபக்சவுக்கு 50.29 வீதம், பாதிக்கு மேலே வெறும் 28 ஆயிரம் சொச்சம் வாக்கு. கொஞ்சம் சறுக்கியிருந்தால் அன்றைக்கே விருப்பு வாக்கை எண்ணியிருப்பார்கள்.

நீங்கள் விளக்கம் கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பத்திரிகையில் வந்தது, நானும் படித்தேன். பெரியம்மா பத்திரிகை படிப்பதில்லை. புள்ளடியையும் இலக்கத்தையும் கலந்தால் செல்லாமல் போய்விடும் என்ற பயம் வேறு. கட்சிகள் இதைச் சொல்லித்தராது, தனக்கு மட்டும் போடு என்பதில்தான் அவற்றுக்கு லாபம். ஆகவே சனசமூக நிலையங்களுக்கு மாதிரிச் சீட்டை அனுப்புங்கள். பேனையைக் கையில் கொடுத்து 1, 2, 3 எழுதவைத்துப் பழக்குங்கள். அப்புறம், விருப்பு எதுவுமே இல்லாத சீட்டு எத்தனை என்பதையும் தொகுதிவாரியாக வெளியிடுங்கள்.

2029க்குக் காலம் இருக்கிறது. பெரியம்மா வீட்டில் எழுதிப் பழகுகிறார். 1 யாருக்கு என்பது முடிவாகிவிட்டதாம், 2க்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர்